பேய்ப்படமும் பிளாக் சபாத்தும்

'சஸ்பீரியா' படத்தின் தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காது. நடனம் கற்க வந்த ஓர் அமெரிக்கப் பெண், ஜெர்மனியில் ஒரு விமான நிலையத்தை விட்டு வெளியே நடக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் எதிரே தானியங்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் இசை கொஞ்சம் உள்ளே வருகிறது, கதவு மூடியதும் நின்றுவிடுகிறது. மறுபடி திறக்கிறது, மறுபடி வருகிறது. வெளியே எதுவோ காத்திருப்பது காதுக்குத் தெரிந்துவிட்டது, கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. நான் பார்த்த பேய்ப்படங்களில் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

1977இல் வந்த படம். இயக்கியவர் டாரியோ அர்ஜென்டோ. இசை கோப்ளின் என்ற இத்தாலிய ராக் பேண்ட். குழந்தையைத் தூங்க வைக்கிற மெட்டு மாதிரி மணியோசையில் ஆரம்பிக்கும். அதே மெட்டை யாரோ காதுக்குப் பக்கத்தில் கிசுகிசுவென்று கூடவே பாடுவார்கள். நடுவில் கிரேக்க நாட்டு தந்தி வாத்தியமான பூசூக்கி வந்து அறையும். அர்ஜென்டோ படப்பிடிப்புத் தளத்திலேயே இசையைச் சத்தமாகப் போட்டுவிட்டு நடிகர்களை நடிக்க வைத்தாராம். பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நடக்கிறவர்கள் எல்லோரும் எதையோ கேட்டுக்கொண்டே நடக்கிற மாதிரிதான் இருக்கிறார்கள்.

பேய்ப்படத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்: திரும்பத் திரும்ப வந்து, விடாமல் நிற்கிற சத்தம். திடீரென்று 'டமார்' என்று அடிப்பது எனக்குப் பிடிக்காது. பட்டாசு வெடித்தாலும் உடம்பு தூக்கிப்போடத்தான் செய்யும், அதற்கு இயக்குநர் எதற்கு? நம் ஊரில் கொஞ்ச காலமாக வருகிற பேய் காமெடிகளில் பாதிக்கும் மேல் இந்த டமார்தான். தியேட்டரை விட்டு வரும்போது தலைவலி மட்டும் மிச்சம்.

'ஹாலோவீன்' (1978) எப்படி என்று பாருங்கள். இயக்குநர் ஜான் கார்ப்பென்டரே இசையும் போட்டார். ஐந்து எண்ணிக்கையில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு பியானோ, நம் கர்நாடக சங்கீத ஆட்கள் கேட்டால் கண்ட நடை என்பார்கள். சின்ன வயதில் அவருடைய அப்பா பாங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்த தாளம் அது. இசை சேர்ப்பதற்கு முன்னால் படத்தைப் பார்த்த ஸ்டுடியோ அதிகாரி ஒருவருக்குப் பயமே வரவில்லை என்று கார்ப்பென்டரே எழுதியிருக்கிறார். 'எக்ஸார்சிஸ்ட்' படத்தை நினைத்தால் காதில் ஓடுகிற அந்த மெட்டும் பேய்க்காகப் போட்டதில்லை. மைக் ஓல்ட்ஃபீல்ட் தன் பதின்ம வயதில் தனக்காகப் பதிவுசெய்த ஆல்பத்தின் தொடக்கம் அது. படத்தில் அது வருவதே கொஞ்ச நேரம்தான்.

சரி, பேண்டுக்கு வருகிறேன். பிளாக் சபாத் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டைப் பற்றி எழுதத்தான் இதை ஆரம்பித்தேன்.

பர்மிங்ஹாமில் அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு தியேட்டர். அங்கே இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா எடுத்த 1963ஆம் வருடப் பேய்ப்படம் ஓடியது. பயப்படுவதற்காக ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்று இவர்களுக்குத் தோன்றியது. அந்தப் படத்தின் ஆங்கிலப் பெயர்தான் பேண்டுக்கும், முதல் ஆல்பத்துக்கும், அதில் முதல் பாட்டுக்கும். ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அன்று வெளியானது.

அந்த முதல் பாட்டை ராத்திரி ஹெட்போனில் கேளுங்கள். மழை, இடி, தூரத்தில் ஒரு சர்ச் மணி. அப்புறம் கிட்டாரில் மூன்றே சுரம்: ச, மேல் ச, பிரதிமத்யமம் என்கிற பெரிய ம. மெதுவாக, ரொம்ப மெதுவாக. கல்யாணி ராகத்திலும் அதே பிரதிமத்யமம்தான் இருக்கிறது, கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தில் கேட்டால் மனசு நிறைகிறது. இங்கே அது அடுத்த சுரமான பஞ்சமத்துக்குப் போய் இறங்காமல் அப்படியே நடுங்கிக்கொண்டு நிற்கிறது. எங்கேயும் போக மாட்டேன் என்கிறது. அதில்தான் பயம்.

எனக்கு ஊர் செஞ்சிப் பக்கம். அமாவாசை ராத்திரியில் மேல்மலையனூர் போனவர்களுக்குப் பம்பையும் உடுக்கையும் என்ன செய்யும் என்று தெரியும். ஒரே அடி, திரும்பத் திரும்ப ஒரே அடி, பிறகு எங்கேயோ வேகம் பிடிக்கும், கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்துவிடும். பிளாக் சபாத் பாட்டிலும் கடைசியில் அப்படித்தான் திடீரென்று ஓட்டம் பிடிக்கிறது. முதல் தடவை கேட்டபோது இது எனக்குத் தெரிந்த சங்கதியாயிற்றே என்றுதான் தோன்றியது. இங்கிலீஷ் பாட்டைக் கேட்கிற உணர்வே வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நான் அம்பத்தூரில் உலோகத் தகட்டை அழுத்தி வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில், மெஷினில் அச்சைப் பொருத்துகிற டை செட்டர். பிளாக் சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியும் தகடு வேலை செய்கிற ஃபேக்டரியில் இருந்தவர். 17 வயதில், வேலையை விட்டுப் போகிற கடைசி நாளில், பிரஸ்ஸில் வலது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இடது கைக்காரர் என்பதால் கிட்டாரில் தந்தியை அழுத்துகிற கை அதுதான். இன்றைக்கு எங்கள் மெஷினில் இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் தகட்டை அழுத்துகிற ராம் இறங்கும், குறுக்கே கை நீட்டினால் லைட் கர்ட்டன் என்ற ஒளித் தடுப்பு மெஷினை நிறுத்திவிடும். அன்றைக்கு அவருக்கு அதெல்லாம் இல்லை. ஃபேக்டரி மேனேஜர், கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ரெக்கார்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்க வைத்தார். ஜாங்கோ தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்தவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசிக்க ஆரம்பித்தார். கனம் குறைந்த தந்தி போட்டார். பிற்பாடு விரலுக்கு இதமாகச் சுருதியையும் இறக்கினார், 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அதைக் கேட்கலாம். ஹெவி மெட்டலின் அந்தக் கனம் ஒரு தொழிலாளியின் அடிபட்ட கையிலிருந்து வந்தது. இதை எங்கள் ஷாப்புக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் நான் சொல்லாமல் விடுவதில்லை.

2025 ஜூலை 5ஆம் தேதி, பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் பழைய நால்வரும் கடைசியாக மேடை ஏறினார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நிற்க முடியாமல் உட்கார்ந்தே பாடினார். 22ஆம் தேதி போய்விட்டார். அன்று மேடையில் அந்த முதல் பாட்டை வாசிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

மற்ற பேண்டுகள்? அயர்ன் மெய்டன் உயிர், ஆனால் அவர்கள் குதிரையில் போகிறவர்கள், பயம் பின்னால் வந்து சேர்வதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஸ்வீடனின் கோஸ்ட், மண்டை ஓட்டு ஒப்பனையும் போப் அங்கியுமாக வந்தாலும் மெட்டு தேன். அவர்களைக் கேட்டு நான் பயந்ததில்லை, கூடவே பாடியிருக்கிறேன். ஸ்லிப்நாட்டின் முகமூடிகள் எனக்கு ஒட்டவே இல்லை.

தமிழில் 'யாவரும் நலம்' (2009) இன்னும் நிற்கிறது. மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது, டிவி சீரியலில் தன் வீட்டுக் கதையே ஓடும். மதியச் சாப்பாட்டு நேரத்து வெளிச்சத்தில் பயம் காட்டிய படம். ஆனால் நெஞ்சுக்கு நெருக்கம் மிஷ்கினின் 'பிசாசு' (2014). சாகிற பெண் ஒருத்தி, தன்னைக் காப்பாற்ற வந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு சாகிறாள், பிறகு அவன் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். அரோல் கொரேலியின் வயலின் அங்கே பேய்க்காக அழுகிறது. ராதாரவி, அந்தப் பெண்ணின் அப்பாவாக, கூப்பிட்டுக் கெஞ்சுகிற காட்சியை என்னால் இயல்பாகப் பார்த்துவிட்டு எழுந்து போக முடியாது.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. அர்ஜென்டோ கோப்ளினைக் கூப்பிட்ட மாதிரி, நம் இயக்குநர் ஒருவர் ஒரு பேண்டைக் கூப்பிட்டு முழுப் பேய்ப்படத்துக்கும் இசை போடச் சொல்ல வேண்டும். டிரம்ஸ், பாஸ், சுருதி இறக்கிய கிட்டார், கூடவே விழுப்புரம் பக்கத்துப் பம்பைக்காரர் ஒருவர். ஷூட்டிங்குக்கு முன்பே வாசித்துப் பதிவுசெய்துவிட வேண்டும். டமார் ஒன்றுகூட வேண்டாம். அப்படி ஒரு படம் வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்துவிடுவேன்.