ஒண்ணும் ஆகாது தம்பி

"வைக்கலாம் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று நான் சொன்னது முழுப் பொய் கிடையாது. படகில் நான் மாட்டிய பேட்டரி சுவிட்சை, மோட்டார் ஓடும்போது 'போத்'தில், அதாவது இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் இடத்தில், வைத்தால் இரண்டுக்கும் சேர்த்துச் சார்ஜ் ஏறும், அதற்குத்தான் அந்த இடமே இருக்கிறது. ஆனால் படகு ஓட்டும் அந்தப் பையன் "அண்ணாச்சி, இத எப்பவும் ரெண்டுலயும் வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டான். அந்த 'எப்பவும்' என் காதில் விழுந்ததா இல்லையா என்பதைத்தான் ஏழெட்டு மாதமாக மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் விழவில்லை என்று தோன்றுகிறது. சில நாள், விழுந்தது, ஆனால் வெயில் ஏறிவிட்டது, கடையில் ஆள் காத்திருந்தது, அதனால் சொன்னேன் என்று தோன்றுகிறது.

தூத்துக்குடியில் ராத்திரி தூண்டில் போட ஆள் கூட்டிப்போகிற ஃபைபர் படகு அது. பின்னால் மாட்டுகிற 40 எச்பி அவுட்போர்டு மோட்டார், செல்ஃப் ஸ்டார்ட். ஒற்றை பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் வோல்ட் விழுந்து ஜிபிஎஸ் அணைந்து திரும்ப வருகிறது என்று சொல்லித்தான் படகுக்காரர் என்னிடம் வந்தார். ஸ்டார்ட் பண்ண ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று என்று பிரித்துவிடலாம் என்றேன். ஸ்டார்ட் பேட்டரியில் தகடு மெல்லிசு, ஒரு மூச்சில் நிறையக் கரண்டு கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். லைட், பம்ப் மாதிரி மெதுவாக மணிக்கணக்கில் இழுக்கிற வேலைக்குத் தடித்த தகடு வேண்டும். இதெல்லாம் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர்தான் படகில் ஏறப்போவதில்லையே.

அடுத்தது சுவிட்சா ரிலேயா என்று வந்தது. ரிலே என்றால் யாரும் தொடவே வேண்டாம், மோட்டார் ஓடி 13.3 வோல்ட் வாக்கில் ஏறினால் தானாகச் சேர்த்துவிடும், 12.8 பக்கம் இறங்கினால் தானாகப் பிரித்துவிடும். இதையும் சொன்னேன், விலையையும் சொன்னேன். அவர் பக்கத்துப் படகில் சிவப்பு சுவிட்சைப் பார்த்திருந்தார், அதுவே போதும் என்றார். சரி என்றேன். இந்த இடத்தில் நான் என்னை நியாயப்படுத்திக்கொள்ளும்போதெல்லாம் இன்னொன்றும் கூடவே வந்து நிற்கிறது: சுவிட்ச் என் கடையில் கைவசம் இருந்தது, ரிலே கொச்சியிலிருந்து வர வேண்டும். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வேலையில் குறை வைக்கவில்லை. வெள்ளீயம் பூசிய செப்பு வயர்தான் இழுத்தேன், சாதாரண வயர் உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பை மட்டும் சுவிட்ச் வழியாக விடாமல் தனி ஃபியூஸ் போட்டு பேட்டரியிலிருந்து நேரே கொடுத்தேன், யாராவது சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டுப் போனாலும் அது ஓட வேண்டும். மோட்டார் ஓடும்போது ஆஃபுக்குத் திருப்பாதே, பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ரெக்டிஃபையர் போய்விடும் என்று டிரைவர் தம்பியிடம் இரண்டு தடவை சொன்னேன். மோட்டாருக்கு வரக்கூடிய ஆபத்தை இரண்டு தடவை சொன்ன எனக்கு, ஆளுக்கு வரக்கூடியதைச் சொல்லத் தோன்றவில்லை. அதை அவனே கேட்டான், அப்போதும் ஒண்ணும் ஆகாது என்றேன்.

அந்த வாரம் மூன்று ராத்திரி தொடர்ந்து போயிருக்கிறார்கள். லைட்டு, இரைத்தொட்டி பம்ப், ஜிபிஎஸ் எல்லாம் சேர்ந்து பத்து ஆம்பியர் இழுக்கும். அந்த மோட்டார் வேகமாக ஓடினாலே ஆறு ஆம்பியர் பக்கம்தான் திருப்பிக் கொடுக்கும், அதுவும் போகவர ஒன்றரை மணி நேரம். கரையில் சார்ஜரும் போடவில்லை. மூன்றாவது ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும். அத்தோடு லைட்டும் போய்விட்டது, வயர்லெஸ்ஸும் போய்விட்டது. மூடியைக் கழற்றி ஃப்ளைவீலில் கயிறு சுற்றி இழுத்திருக்கிறார்கள், அந்த மோட்டார் பேட்டரி இல்லாமலும் பிடிக்கும். வெயிலில் காய்ந்த கயிறு இரண்டாவது இழுப்பில் அறுந்துவிட்டது. நங்கூரம் பிடித்திருந்தது பெரிய புண்ணியம், அன்றைக்கு மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று, வெளிக்கடலுக்குத்தான் தள்ளியிருக்கும். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் நிற்கும் பக்கம் அது. ஐந்து பேர் இருட்டில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். விடிந்தபிறகு தொழிலுக்குப் போன ஒரு வள்ளம் கட்டி இழுத்து வந்தது.

எனக்குப் போன் வந்து கரைக்குப் போனபோது யாரும் சுவிட்சைத் தொட்டிருக்கவில்லை. அம்பு 'போத்'தில் நின்றது. இரண்டு பேட்டரியிலும் மீட்டர் வைத்தேன், இரண்டிலும் ஒரே எண், 11.2. பிரித்து வைத்திருந்தால் ஒன்று செத்திருக்கும், மற்றது உயிரோடு இருந்திருக்கும்.

படகுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "யாருலே இத இப்படி வச்சது?" என்றார்.

"நான்தான் மொதலாளி, மாத்த மறந்துட்டேன்" என்றான் அவன்.

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, எண்ணைப் படித்தாகிவிட்டது. தலை நிமிர்ந்து "நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன் அண்ணாச்சி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? படகுக்காரர் அவனைத் திட்டி முடிக்கிற வரைக்கும் வயர் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜர் போடாததும் ஒரு காரணம், மூன்று நாள் தொடர்ந்து போனதும் ஒரு காரணம், கயிறு காய்ந்துபோனது என் பொறுப்பே இல்லை. இவையெல்லாம் உண்மைதான், இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அந்தப் பையன் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அவன் நிஜமாகவே என் பதிலை மறந்துவிட்டானா, இல்லை என்னைக் காப்பாற்றினானா தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் அரிக்கிறது. அண்ணாச்சி சரியாகத்தான் சொல்லியிருப்பார், நாமதான் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று அவன் நம்பியிருக்கலாம்.

இப்போதெல்லாம் ரிலே இல்லாமல் வேலை எடுப்பதில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அப்படிச் சொல்லியும் போன மாதம் ஒருத்தருக்குச் சுவிட்ச்தான் போட்டுக்கொடுத்தேன், அவரிடம் காசு இல்லை. பக்கத்தில் பெயின்ட்டில் எழுதிவைத்தேன்: மோட்டார் நின்றால் 2. அதாவது லைட், பம்ப் பேட்டரி மட்டும். எழுதினால் படிப்பார்களா என்பது வேறு விஷயம், ராத்திரி ஈரக்கையோடு யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்.

அந்தத் தம்பி தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக்கு வந்தான். டெர்மினலுக்குத் தடவ வாசலின் வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்தேன். "சுவிட்ச் எப்படி வச்சிருக்க?" என்று கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரிதான் அண்ணாச்சி" என்றான்.

எதைச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை.