விசைப்படகும் வில்லியம் ஹெய்ன்ஸும்

1932-இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். படநிறுவனம் வெளியிட்ட 'ஃபாஸ்ட் லைஃப்' என்ற காதல் நகைச்சுவைப் படத்தின் கதை எளிமையானது: கடற்படையிலிருந்து வெளியேறும் இரு நண்பர்கள், தாங்கள் உருவாக்கிய எஞ்சினை நம்பி விசைப்படகுப் பந்தயத்தில் இறங்குகிறார்கள்; படகு கட்டுபவரின் மகளிடம் நாயகன் மனதைப் பறிகொடுக்கிறான். முடிவை யாரும் ஊகித்துவிடலாம்.

ஆனால் அந்த வேகம் வெறும் சினிமாக் கற்பனையன்று. அதே ஆண்டில்தான் அமெரிக்கப் படகுப் பந்தய வீரர் கார் வுட், பேக்கார்டு நிறுவனத்தின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்கள் நான்கைப் பூட்டிய 'மிஸ் அமெரிக்கா 10' என்ற படகை அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஆற்றில் மணிக்கு 124 மைலுக்கும் மேலான வேகத்தில் செலுத்தி உலகச் சாதனை படைத்தார். ஏறக்குறைய 200 கிலோமீட்டர்! மரத்தால் கட்டிய படகு அது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

படத்தைவிட நாயகன் வில்லியம் ஹெய்ன்ஸின் கதைதான் என்னை ஈர்க்கிறது. 1930-இல் வசூலில் முன்னணியில் நின்ற அந்த நடிகருக்கு, எம்.ஜி.எம்.மில் இதுவே கடைசிப் படம். ஜிம்மி ஷீல்ட்ஸ் என்ற ஆணுடனான தம் உறவை அவர் கைவிட மறுத்ததே நிறுவனத்துடனான முறிவுக்குக் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பிறகு அவர் உள்ளலங்கார வடிவமைப்பாளராகி, ஜோன் கிராஃபோர்டு முதலிய நட்சத்திரங்களின் வீடுகளை அழகுபடுத்தினார். 1973-இல் தாம் இறக்கும்வரை ஷீல்ட்ஸுடன் வாழ்ந்தார்.