மூணு கிளாஸ் டிக் பண்ணா ஒரு கிளாஸ்தான் வருது

தூத்துக்குடி பக்கம் ஒரு ஸ்கூலுக்கு ஃபீஸ் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன், பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும், யூஸ் பண்றது ஆபீஸ்ல இருக்குற அக்கௌன்டன்ட் அக்கா மட்டும்தான். ஆரம்பத்துல குவெரியை, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்புற கேள்வியை, தேடுற மதிப்போட சேத்து ஒரே ஸ்டிரிங்கா (எழுத்துச் சரமா) ஒட்டித்தான் எழுதியிருந்தேன். அந்த ஊர்ல டி'குரூஸ்னு பேர் சர்வசாதாரணம்னு எனக்கு உறைக்கவே இல்ல, அக்கா அப்படி ஒரு பையனைத் தேடின உடனே பேர் நடுவுல இருக்குற அந்த ஒத்தை மேற்கோள்ல குவெரி ரெண்டா பொளந்து ஸ்கிரீன் முழுக்க எரர். அன்னிக்கு ராத்திரியே உக்காந்து எல்லாத்தையும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டா மாத்தினேன். மதிப்பு வர்ற இடத்துல கேள்விக்குறி போட்டு குவெரியோட அமைப்பு மட்டும் முதல்ல சர்வருக்குப் போகும், மதிப்பெல்லாம் பின்னாடி தனியா போகும், அதனால பேர்ல என்ன இருந்தாலும் அது வெறும் பேர்தான்.

அடுத்த வாரமே அக்கா போன். "தம்பி, மூணு கிளாஸ் டிக் பண்ணாலும் ஒரு கிளாஸ்தான் வருது, நீ எதையோ மாத்திட்ட."

மாத்தினது என்னன்னா, முன்னாடி இன் (IN, இந்த லிஸ்ட்ல இருக்குறதை மட்டும் எடுங்கிற நிபந்தனை) அடைப்புக்குறிக்குள்ள டிக் பண்ண கிளாஸ் ஐடியை எல்லாம் 3,7,12னு ஒட்டிக்கிட்டிருந்தேன், இப்போ அதே இடத்துல ஒரே ஒரு கேள்விக்குறியைப் போட்டு "3,7,12"ங்கிற ஸ்டிரிங்கை அப்படியே பைண்ட் பண்ணிட்டேன், அதாவது அந்தக் கேள்விக்குறிக்கான மதிப்பா குடுத்துட்டேன். ஒரு கேள்விக்குறின்னா ஒரு மதிப்புதான், கமா போட்டா அது லிஸ்ட் ஆயிடாது. கிளாஸ் ஐடி டேபிள்ல நம்பர் மட்டும் வைக்கிற காலம் (column), அதனால மைஎஸ்கியூஎல் அந்த ஸ்டிரிங்கை நம்பரா மாத்தப் பாத்து முன்னாடி இருக்குற 3ஐ மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுருச்சு. எரர் கிடையாது, உள்ளுக்குள்ள ஒரு வார்னிங் மட்டும், அதை யாரு பாக்குறா. குவெரி வெடிச்சிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.

சரி பண்றது பெரிய வேலை இல்ல, எத்தனை டிக்கோ அத்தனை கேள்விக்குறி கமா போட்டு நாமளே உருவாக்கணும். தலைவலி குடுத்தது மைஎஸ்கியூஎல்ஐயோட (mysqli, பிஎச்பில இருந்து மைஎஸ்கியூஎல்லோட பேசுற வழி) பைண்ட் பேரம்தான் (bind_param, மதிப்பைக் குடுக்குற ஃபங்ஷன்), முதல் பேராமீட்டரா நம்பருக்கு ஐ, ஸ்டிரிங்குக்கு எஸ்னு எழுத்துக் கோவை ஒண்ணு கேக்கும், பேர், கிளாஸ், தேதினு ஃபில்டர் வர வர அந்தக் கோவையும் நீளணும். பிஎச்பி 5.6க்கு முன்னாடி இன்னும் மோசம், மதிப்பை எல்லாம் ரெஃபரன்ஸா மாத்தி கால் யூசர் ஃபங்க் அரேங்கிற (call_user_func_array) ஃபங்ஷன்ல திணிக்கணும், அந்தக் கோடை இப்போ பாத்தாலும் கண்ணு எரியும். 5.6ல மூணு புள்ளி (...) வந்துச்சு, மதிப்பு லிஸ்ட் இருக்குற அரேயை அப்படியே விரிச்சு விட்டுடலாம். 2021ல வந்த 8.1ல பைண்ட் பேரமே வேணாம், குவெரியை ஓட்டுற எக்ஸிக்யூட்டுக்குள்ள நேரா அரேயைக் குடுத்தா போதும், எல்லாம் ஸ்டிரிங்காத்தான் போகும், இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்கு அது போதும். பிடிஓ (PDO, பிஎச்பில டேட்டாபேஸோட பேசுற இன்னொரு வழி) ஆளுங்க இதை ரொம்ப நாளா அனுபவிச்சிட்டு இருக்காங்க, நான்தான் லேட்டு.

நான் இப்போ ரெண்டு அரே வச்சிருக்கேன், ஒண்ணுல நிபந்தனை, இன்னொண்ணுல மதிப்பு. ஒரு ஃபில்டர் வந்தா ரெண்டுலயும் அதே இஃப்க்குள்ள, அடுத்தடுத்த வரியில தள்ளிடுவேன். நிபந்தனையை ஒரு இடத்துலயும் மதிப்பை அம்பது வரி தள்ளியும் சேத்தா என்னிக்காவது வரிசை மாறி பேர் இருக்க வேண்டிய இடத்துல தேதி போய் உக்காரும்.

எதையுமே டிக் பண்ணலன்னா? அடைப்புக்குறி காலியா நிக்கும், மைஎஸ்கியூஎல் சின்டாக்ஸ் எரர்னு கத்தும். அரே காலின்னா அந்த நிபந்தனையையே சேக்காம எல்லா கிளாஸும் காட்டுறேன். பழைய பாக்கி லிஸ்ட்டை அழிக்கிற ஸ்கிரீன்ல மட்டும் இப்படிப் பண்ணாம அங்கேயே நிறுத்திடுறேன், காலின்னா எல்லாம்னு எடுத்துக்கிட்டா மொத்த ஸ்கூலோட கணக்கும் போயிரும். போஸ்ட்கிரெஸ்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்ல இந்தத் தொல்லையே இல்ல, எனி (ANY) போட்டு மொத்த அரேயையும் ஒரே பேராமீட்டரா அனுப்பலாம், காலியா இருந்தா ஒரு வரியும் வராது, அவ்ளோதான். பொறாமையா இருக்கு.

அக்கா மறுபடி போன் பண்ணாங்க, பேர் வாரியா போட்டாலும் பாக்கி வாரியா போட்டாலும் லிஸ்ட் ஒரே மாதிரி வருதாம். எந்த வரிசைன்னு சொல்ற ஆர்டர் பைக்கும் (ORDER BY) கேள்விக்குறி வச்சிருந்தேன். காலம் பேர் ஸ்டிரிங்கா போச்சு, எல்லா வரிக்கும் ஒரே ஸ்டிரிங், அதை வச்சு என்னத்தை வரிசைப்படுத்துறது, இதுலயும் எரர் இல்ல. காலம் பேரையும் டேபிள் பேரையும் பைண்ட் பண்ண முடியாது. அனுமதிச்ச நாலு காலம் பேரை ஒரு அரேல எழுதி வச்சு, வந்தது அதுல இருந்தா மட்டும் ஒட்டுறேன், இல்லன்னா அட்மிஷன் நம்பர் வரிசை.