பண்ணைக்குட்டையில் புள்ளிமூக்கு வாத்துகள்

பெங்களூருக்கு வடக்கே, ஹெசரகட்டா பக்கம் மைத்துனனின் தோட்டத்தில் ஒரு கிருஷி ஹொண்டா இருக்கிறது. மழைநீரைத் தேக்க வெட்டும் பண்ணைக்குட்டைதான். நான்கு பக்கமும் செங்குத்துச் சரிவு, உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனாலும் வாத்துகள் தலைக்கு மேல் பறந்து ஏரிக்குப் போய்விடும்.

"கொஞ்சம் அரிசி தூவிப் பார்க்கலாமா, மாமா?" என்றான். தீனி போட்டால் முதலில் வருவது எலி. அடுத்துத் தண்ணீர் நாறும். வேண்டாம் என்றேன்.

புள்ளிமூக்கு வாத்து முக்குளித்து இரை தேடும் பறவையல்ல. வாலைத் தூக்கித் தலையை மட்டும் நீருக்குள் விட்டு, கழுத்து எட்டுகிற சேற்றை மேயும். எட்டடி ஆழத்தில் அதற்கு என்ன வேலை?

எனவே கோடையில் தண்ணீர் வற்றியதும் கிழக்குப் பக்க விரிப்பைச் சுருட்டி, சரிவை வெட்டி அகலமான படி அமைத்தோம். மறுபடி விரித்து மேலே மண் கொட்டினோம். தண்ணீர் நிறைந்தால் அங்கே ஒன்றரைச் சாண் ஆழம்தான் நிற்கும். வாய்க்காலில் இருந்து கோரையைப் பெயர்த்து நட்டோம். சம்பு மட்டும் கூடாது. விட்டால் குட்டையையே விழுங்கிவிடும். மற்ற மூன்று சரிவிலும் தென்னைநார்ப் பாய் தொங்குகிறது. வழுக்கும் பிளாஸ்டிக்கில் கால் பதியாமல் குஞ்சுகள் மூழ்கிப்போகும், தவறி விழும் கீரிக்கும் அதே கதிதான். நடுவில் நாய்க்கு எட்டாதபடி ஒரு மூங்கில் தெப்பம்.

கோரை வேர்பிடித்ததும் முக்குளிப்பான் வந்தது, பின்னாலேயே தாழைக்கோழி. இரண்டு வீட்டு வாத்துகளை விட்டால் காட்டு வாத்து நம்பி இறங்கும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவை நட்டதையெல்லாம் மேய்ந்துவிடும், நோயும் பரப்பும்.

மழை விட்ட ஒரு காலையில் ஜோடியாக இறங்கின. கறுத்த அலகின் நுனியில் மஞ்சள். அலகு முகத்தோடு சேரும் இடத்தில் குங்குமம் வைத்தாற்போல் சிவப்புப் புள்ளி. இறக்கையைக் கோதியபோது பச்சைப் பட்டை பளிச்சிட்டது. மோட்டார் இரைச்சலை அவை சட்டை செய்யவில்லை. வரப்பில் ஆள் எழுந்து நின்றால்தான் ஓட்டம்.

தென்னிந்தியாவில் இவை பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், நீரோரப் புல்லுக்குள் தரையிலேயே கூடு வைக்கும். முட்டையைத் தொடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே ஜனவரி முடியும்வரை கிழக்குக் கரையில் அரிவாள் படக் கூடாது என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டேன். தருமபுரிக்காரர், நல்ல புல் வீணாவதைப் பார்க்க அவருக்கு மனம் பொறுக்கவில்லை. "மாட்டுக்கு ஒரு கட்டாவது, ஐயா?" என்று தினமும் கேட்கிறார். மேற்குக் கரையில் அறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.