எட்டு முழம், எண்பது இஞ்ச்

ஏப்ரல் 5, சனி

ஆபீஸில் கூட வேலை பார்த்தவர் கனடா கிளம்புகிறார். அவர் வித்துத் தள்ளிய சாமானில் எனக்கு விழுந்தது ஒரு ப்ரொஜெக்டர். டிபன் டப்பா அளவு, உள்ளேயே பேட்டரி. தூக்கிக்கிட்டு பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையா 3:30 மேட்ச் போட்டேன். கமென்ட்ரி கணீர்னு கேட்டது. சுவரில் என்னமோ வெளிறிப்போய் நகர்ந்தது, அவ்வளவுதான்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெட்டியில் போட்டிருக்கும் வெளிச்ச அளவு 300 ஆன்சி லூமன். ஹாலில் எரியும் 20 வாட் எல்.இ.டி. டியூப் மட்டுமே 2000 லூமன் கிட்ட வரும். ஜன்னல் வெயிலோடு இது மல்லுக்கட்டவே முடியாது. வாங்கும் முன்னாடி போட்டிருக்க வேண்டிய கணக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

இருட்டில் படம் அருமை. ஆனால் வீட்டு ஓனர் அடித்திருப்பது இளமஞ்சள் டிஸ்டெம்பர், வெள்ளைச் சட்டை போட்டவனெல்லாம் மஞ்சள் தண்ணி ஊத்தின மாதிரி நிற்கிறான். ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை.

சாயந்திரம் ஆம்பூரிலிருந்து அம்மா வந்தாள். அரிசி, கருவாடு, ஊறுகாய் எல்லாத்தையும் அப்பாவோட பழைய எட்டு முழ வேட்டியில் மூட்டை கட்டிக்கொண்டு. மூட்டையைப் பிரித்ததும் என் கண் வேட்டி மேல்தான். ரெண்டா மடிச்சா ஆறடி அகலம். ப்ரொஜெக்டரை ஏழடி தள்ளி வைத்தால் மூலைக்கு மூலை 80 இஞ்ச் படம், அதன் அகலம் 5 அடி 10 அங்குலம். அளந்து நெய்த மாதிரி! ஒற்றையா விட்டால் வெளிச்சம் பின்னால் கசியும், மடிப்பு அதுக்கும் ஆச்சு. மேலேயும் கீழேயும் பச்சைக் கரை, படத்துக்கு சட்டம் போட்ட மாதிரி.

கர்ட்டன் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். ஃபேன் போட்டதும் ஹீரோவுக்கு வயிறு குலுங்கியது. கீழ்க் கரையில் ஒட்டடைக்கொம்பைக் கிளிப் போட்டு மாட்டினேன், அடங்கினார்.

"உங்கப்பா கட்டினப்பகூட அந்த வேட்டிக்கு இவ்ளோ மரியாதி இல்ல"ன்னாள் அம்மா.

ஏப்ரல் 8, செவ்வாய்

வீட்டிலிருந்து வேலை. பெரிய மானிட்டர் கனவோடு லேப்டாப்பை ஹெச்.டி.எம்.ஐ. ஒயரால் ப்ரொஜெக்டரில் சொருகினேன். பட்டப்பகலில் ஜன்னல் திரை, கதவு எல்லாம் சாத்தி, வியர்த்துக் கொட்டி, எக்செல் திறந்தேன். எழுத்து ஓரமெல்லாம் மை ஊறின மாதிரி. பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தேன், உள்ளே இருக்கும் கீஸ்டோன் என்கிற வசதிக்காரன் கோணலை நிமிர்த்தியிருந்தான். நிமிர்த்துவது என்றால் படத்தைச் சுருக்கித் திரும்ப வரைவது. சினிமாவில் கண்ணுக்குத் தெரியாது, எட்டாம் நம்பர் சைஸ் எழுத்தில் உடனே தெரியும். நேராக நிமிர்த்தி வைத்ததும் எழுத்து தேவலாம் ஆனது, கழுத்துதான் போனது.

மீட்டிங் நடுவில் அம்மா துடைப்பத்தோடு குறுக்கே போனாள். ஒரு நிமிஷம் அவள் முதுகில் மூன்றாம் காலாண்டு பட்ஜெட் ஓடியது. வேலைக்கு இது லாயக்கில்லை. மானிட்டர் மேஜைக்கே திரும்பியாச்சு.

ஏப்ரல் 12, சனி

அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கிறான். கிரிக்கெட் கேம் போட்டுக் கொடுத்தேன். மூணு பந்தில் மூணு தடவை போல்டு.

"சித்தி, நான் அமுக்கினப்புறம்தான் பேட்டே திரும்புது."

சாக்குன்னு நினைத்தேன், நான் ஆடினாலும் அதே கதி. விளையாட்டில் செகண்டுக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றும் 17 மில்லிசெகண்டுக்குள். பட்டனிலிருந்து வேட்டிக்குப் போய்ச்சேர அஞ்சாறு பிரேம் தாமதமானால் பந்து ஸ்டம்புக்குப் போயிருக்கும். செட்டிங்ஸில் இந்தத் தாமதத்தைக் குறைக்க கேம் மோட் இருந்தது. அதைப் போட்டால் கீஸ்டோன் அணைந்துவிடுகிறது, அதாவது பெட்டி நேராக நின்றே ஆகணும். ஸ்டூல் மேல் ஸ்டூல், அது மேல் என் பொறியியல் புத்தகங்கள் நாலு. படிச்சதுக்கு ஒரு பலன். சத்தமும் பிந்தக்கூடாதுன்னு ப்ளூடூத் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு ஒயர் போட்டோம். பையன் பிறகு ஒரு அரைசதம் போட்டான், தலையைத் திருப்பும்போதெல்லாம் வெள்ளையில் கலர் கலரா கோடு தெரியுதுன்னான். டி.எல்.பி. வகைச் சின்ன ப்ரொஜெக்டர்கள் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அடிக்கும், கண் வேகமா நகர்ந்தால் பிரிந்து தெரியும். எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு நல்ல கண்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வடை பாயசம் முடித்து ஆறே காலுக்கே படம் போட உட்கார்ந்தோம். நான் ஜன்னல் திரையை இழுத்து டியூபை அணைத்தேன்.

"விளக்கு வெக்கிற நேரத்துல எவளாவது ஊட்ட இருட்டு பண்ணுவாளாடி? அதுவும் இன்னிக்கி?"

பேச்சே வரவில்லை. டியூபைப் போட்டேன். அம்மா நிதானமாகத் திரி திரித்து, எண்ணெய் விட்டு, காமாட்சி விளக்கை ஏற்றி, சாமி கும்பிட்டாள். "இப்ப அணைச்சிக்கோ, விளக்கு எரியட்டும்." விளக்கு ப்ரொஜெக்டருக்குப் பின்னால் மூலையில். படத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. டியூப்தான் எதிரி, திரி இல்லை.

போனில் ஓடும் படத்தை ப்ரொஜெக்டரில் காட்டினால் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பு. ஓ.டி.டி.காரர்கள் போட்ட பூட்டு. அதனால் போன வாரமே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில், ப்ரொஜெக்டரிலேயே சொருகி ஓ.டி.டி. பார்க்கிற ஸ்டிக் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இடைவேளை தாண்டி கரண்ட் போச்சு. பேட்டரி இருக்கே என்று கெத்தாகச் சொன்னேன். படம் மங்கியது, ஆனாலும் ஓடியது. வைஃபை செத்ததால் போன் ஹாட்ஸ்பாட். ஸ்டிக்கும் இதே பேட்டரியைத்தான் உறிஞ்சும் என்று யோசிக்கவில்லை. வில்லன் சாவதற்குப் பத்து நிமிஷம் முன்னாடி பொட்டுனு அணைந்தது. மூணு பேரும் காமாட்சி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். மீதிக் கதையை அம்மா சொன்னாள், நாங்கள் யாருமே அந்தப் படத்தை அதுக்கு முன் பார்த்ததில்லை.

ஏப்ரல் 19, சனி

காலையில் எழுந்தால் ஸ்க்ரீன் காணோம்! மொட்டை மாடியில் வெயிலில் விரித்து, அது மேல் வரிசையாக அரிசி வடாம். "வடாம் போடத்தாண்டி எடுத்தாந்தேன். உன் சினிமாவுக்கா?" கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா வேறு வந்து பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி மேட்ச் இளமஞ்சள் சுவரில்.

ஏப்ரல் 21, திங்கள்

வடாம் உரித்து டப்பாவில் ஏறியாச்சு, வேட்டியை உதறி மாட்டினேன். ஒரு துணுக்கு விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இடது பக்கம் நடுவில். குளோசப்பில் ஹீரோயின் கன்னத்தில் அழகா ஒரு மச்சம். சுரண்டப் போனேன். "இருக்கட்டும் சித்தி, நல்லாத்தான் இருக்கு"ன்னான் பையன்.