யாரும் பட்டனைத் தட்டாதபோது திரையை மாற்றுவது

பட்டனைத் தட்டினால் அடுத்த திரை. மொபைல் ஆப் எழுதும் கருவியான ஃப்ளட்டரில் அது ஒரு வரி வேலை, சொல்ல ஒன்றுமில்லை. செஷன் (லாகின் செல்லுபடியாகும் காலம்) முடிந்தது, நோட்டிஃபிகேஷன் வந்தது என்று ஆப் தானாகவே திரையை மாற்ற வேண்டிய இடங்களில்தான் என் தூக்கம் போயிற்று. இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அடுத்து இதில் இறங்குபவர்களாவது அலைய வேண்டாமே என்று எழுதுகிறேன்.

ஓடிபி முடிந்து முகப்புக்குப் போவது சீக்கிரமே சரியானது. திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் இருக்கும். புஷ்ரீப்ளேஸ்மென்ட் என்ற கட்டளை மேலே இருக்கும் ஒரு திரையை மட்டும்தான் மாற்றும்; அடியில் நம்பர் கேட்கும் திரை அப்படியே கிடக்கும். புஷ்அண்ட்ரிமூவ்அன்டில் போட்டு மொத்தத்தையும் காலி செய்துவிடுங்கள்.

பெரிய தலைவலி செஷன் முடியும் இடத்தில். சர்வர் 401 (லாகின் செல்லாது என்ற பதில் எண்) அனுப்பினால் லாகினுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பதில் வந்து விழுவது நெட்வொர்க் இன்டர்செப்டரில், அதாவது சர்வரோடு போய் வரும் எல்லாவற்றையும் இடைமறித்துப் பார்க்கும் கோடில். திரையை மாற்றத் தேவையான கான்டெக்ஸ்ட் (ஆப்பில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற விவரம்) அங்கே கிடையாது. திரைகளை மாற்றும் நேவிகேட்டருக்கு ஒரு குளோபல் கீ (எங்கிருந்தும் அதைப் பிடிக்க உதவும் அடையாளம்) கொடுத்து எங்கிருந்து வேண்டுமானாலும் கூப்பிடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் வழி. எங்கள் ஆப்பிலும் அதுதான் இருந்தது. அப்போதுதான் டெஸ்டிங்கிலிருந்து புகார்: "லாகின்ல நம்பர் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே அழிஞ்சு போகுது." எங்கள் போன்களில் எவ்வளவு அடித்துப் பார்த்தும் அழியவில்லை.

திரை மாற்றங்களைக் கவனிக்கும் நேவிகேட்டர்அப்சர்வரில், திரை சேரும்போது ஓடும் டிட்புஷ், நீங்கும்போது ஓடும் டிட்ரிமூவ் இரண்டிலும் திரையின் பெயரை லாக் செய்த பிறகுதான் பிடிபட்டது. முகப்பு திறந்ததும் ப்ரொஃபைல், ஆர்டர், அறிவிப்புகள் என சர்வருக்கு மூன்று ஏபிஐ கோரிக்கைகள் ஒன்றாகப் போகின்றன. மூன்றுக்கும் 401. ஒவ்வொன்றும் பழைய லாகின் திரையைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கிறது. நெட் வேகமாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. மந்தமாக இருந்தால், மூன்றாவது பதில் வருவதற்குள் ஆள் பாதி நம்பரை அடித்திருப்பார், பெட்டி காலியாகிவிடும்.

ஏற்கெனவே லாகினுக்கு அனுப்பியாயிற்று என்று இன்டர்செப்டரில் ஒரு ஃப்ளாக் (குறி) வைத்து அடைக்கலாம்தான். ஆனால் திரையை மாற்றும் வேலையே அதனிடம் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. திரைப் பாதைகளைக் கவனிக்கும் கோ ரவுட்டர் பேக்கேஜுக்கு மாறினோம். லாகின் நிலை ஒரே ஒரு சேஞ்ச்நோட்டிஃபையரில் (மாறினால் மற்றவர்களுக்குச் சொல்லும் பொருள்) இருக்கிறது. 401 வந்தால் இன்டர்செப்டர் அந்த நிலையை மாற்றுவதோடு சரி. ஏற்கெனவே வெளியேறியிருந்தால் நோட்டிஃபை போகாது. அந்த அறிவிப்பைக் கேட்கும் ரெஃப்ரெஷ்லிசனபிள் வழியாக, எந்தத் திரைக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யும் ரீடைரக்ட் ஓடி மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மந்தமான நெட்டிலும் நம்பர் அழியாமல் நின்றதைப் பார்த்தபோது அப்படி ஒரு நிம்மதி! ஒன்று மட்டும் கவனம்: போக வேண்டிய இடத்திலேயே இருந்தால் ரீடைரக்ட் நல் (null, அதாவது எங்கும் மாற்ற வேண்டாம்) திருப்ப வேண்டும். லாகின் முகப்புக்கும் முகப்பு லாகினுக்கும் மாற்றி மாற்றித் தள்ளினால் எர்ரர் திரைதான். ரீடைரக்டுக்கு டீஃபால்ட் வரம்பு 5.

அவெய்ட்டுக்குப் (பதிலுக்குக் காத்திருப்பது) பிறகு திரை மாற்றும் எல்லா இடத்திலும், திரை இன்னும் இருக்கிறதா என்று சொல்லும் கான்டெக்ஸ்ட் டாட் மவுண்டட் பார்த்துவிடுங்கள். பதில் வருவதற்குள் ஆள் பேக் அழுத்திப் போயிருப்பார். ஃப்ளட்டர் 3.7 முதல் இது இருக்கிறது, கோடில் தவறு தேடும் லின்ட்டும் எச்சரிக்கும். அதை அணைத்து வைக்காதீர்கள்.

நோட்டிஃபிகேஷனைத் தட்டி ஆப்பைத் திறக்கும்போது அதை ஃபயர்பேஸ் மெசேஜிங்கில் பிடிக்க இரண்டு வழி. ஆப் பின்னணியில் இருந்தால் ஆன்மெசேஜ்ஓப்பன்டுஆப், மூடியிருந்தால் கெட்இனிஷியல்மெசேஜ். எங்களுக்கு வலித்தது இரண்டாவது: ஆர்டர் திரை திறக்கும், உடனே ஸ்பிளாஷின் (ஆப் திறந்ததும் வரும் முதல் திரை) டைமர் முடிந்து முகப்பு அதை விழுங்கிவிடும். டைமரை எடுத்துவிட்டு, போக வேண்டிய பாதையைக் குறித்து வைத்து, லாகின் நிலை தெரிந்த பிறகே கோ ரவுட்டரின் கோ (go) கட்டளையைக் கூப்பிடுகிறோம். ஆர்டர் விவரம் முகப்புக்கு உட்பாதையாக இருக்கட்டும்; அப்போதுதான் பேக் அழுத்தினால் முகப்பு வரும், இல்லாவிட்டால் ஆப்பே மூடிவிடும்.

இதைச் சோதிக்க ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் செய்யாதீர்கள். ஆப்பை மறுபடி திறக்கும்வரை நோட்டிஃபிகேஷனே வராது. ரீசன்ட்ஸில் தள்ளி மூடிவிட்டு அனுப்பிப் பாருங்கள்.