வழியை மறித்த எஃகுச் சுவர்

நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசாவில், அரசு அலுவலகங்களுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில், ரிச்சர்ட் செர்ரா 1981ஆம் ஆண்டு நிறுவிய 'டில்ட்டட் ஆர்க்' என்னும் சிற்பத்தைப் பற்றியும், அதை அகற்றச் சொல்லி அங்கு வேலை பார்த்தவர்கள் எழுப்பிய எதிர்ப்பைப் பற்றியும் முதன்முறை படித்தபோது நான் ஐயமின்றிக் கலைஞரின் பக்கம் நின்றேன். 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்டு, சற்றே சாய்ந்து வளைந்து, துருவேறுவதற்கென்றே விடப்பட்ட எஃகுத் தகடு அது. சதுக்கத்தைக் கடப்பவர் தம் நடையையும் தாம் நிற்கும் இடத்தையும் உணர வேண்டும் என்பது செர்ராவின் நோக்கம்.

இன்று அவ்வளவு உறுதி எனக்கு இல்லை. அருங்காட்சியகத்தில் பிடிக்காத படைப்பைக் கண்டால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். அலுவலகம் வருகிறவரோ, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், காலையும் மாலையும் அதைச் சுற்றித்தான் நடந்தாக வேண்டும். தம்மை ஒரு வார்த்தை கேட்காமல் தம் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்பதே அவர்களுடைய மனத்தாங்கலின் வேர் என்று நினைக்கிறேன். ஆனால் 1985 மார்ச்சில் நடந்த பொது விசாரணையில் எலித் தொல்லையும் சுவர்க் கிறுக்கல்களும் பேசப்பட்டன. குண்டு வெடித்தால் அதன் வீச்சை இச்சுவர் கட்டடங்களின் பக்கம் திருப்பிவிடும் என்றுகூட ஒரு பாதுகாப்பு அதிகாரி சாட்சியம் அளித்தார். மனம் புண்பட்டது என்று மட்டும் சொன்னால் கலை அறியாதவர் பேச்சென்று தள்ளிவிடுவார்கள் என அஞ்சினார்களோ என்னவோ.

அந்த விசாரணையையும் நேர்மையானது என்று சொல்ல முடியாது. தலைமை தாங்கியவரே, அக்கட்டடங்களைப் பராமரிக்கும் அரசுத் துறையின் வட்டார நிர்வாகி; சிற்பத்தை அகற்ற வேண்டும் என்று முன்னரே வெளிப்படையாகப் பேசியவர். 122 பேர் சிற்பம் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். விசாரித்த ஐவர் குழுவோ நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் எடுக்கவே பரிந்துரைத்தது. ஆதரித்தவர்களில் ஓவியர்களும் சிற்பிகளும் விமர்சகர்களும் நிறைந்திருந்ததால், தலைகளை எண்ணி மட்டும் நியாயம் காணவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்துக்கென்றே செய்ததை இடம் மாற்றுவது அழிப்பதற்குச் சமம் என்று வாதிட்ட செர்ரா, வழக்குத் தொடுத்தும் தோற்றார். 1989 மார்ச் 15 அன்று இரவு சிற்பத்தை மூன்று துண்டுகளாக்கிக் கிடங்குக்கு எடுத்துச் சென்றார்கள். பின்னர் மார்த்தா ஷ்வார்ட்ஸ் வடிவமைத்த, நெளிந்து சுழலும் பச்சை பெஞ்சுகள் அந்தச் சதுக்கத்துக்கு வந்தன. அவையும் இப்போது அங்கே இல்லை.